பதினோராம் கட்டம்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ராட்கோ எங்கள் ஆய்வுக்கூடச் சன்னலுக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை நகர்த்தி வைத்தான். மூடியில் கேரட் படம் போட்டிருந்தது. உள்ளே இருந்தது கேரட் இல்லை.

"இது என்னடா?"

"எலிட்சாவோட சிறுநீர் அக்கா. பாட்டிலைப் பத்து நிமிஷம் கொதிக்க வெச்சுட்டுத்தான் பிடிச்சேன். சுத்தமா இருக்கும்."

"மூடியையும் கொதிக்க வெச்சியா?"

அவன் மூடியைப் பார்த்தான். மூடியிலிருந்த கேரட்டும் அவனைப் பார்த்துச் சிரித்தது.

"போன வாரம் ஒருத்தர் ஊறுகாய் பாட்டில்ல கொண்டு வந்தாரு. உங்களுக்கு உப்பு ஜாஸ்தி, மிளகாய் கம்மின்னு எழுதிக் குடுக்கலாமான்னு பார்த்தேன். இதைத் தூக்கிட்டுப் போ. சிறுநீர் பிடிக்க ஒட்டுற பை தர்றேன், இங்கேயே ஒட்டு, இங்கேயே பிடி."

இருபத்தாறு வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர் மருத்துவமனைக் கட்டடத்தில் தரைத்தளம் எங்களுடையது, டாக்டர்கள் எல்லாம் மாடியில். ஊரில் பாதிப் பேரின் சர்க்கரை எனக்குத் தெரியும், மீதிப் பேரின் கொழுப்பு தெரியும். கடைத்தெருவில் என்னைக் கண்டால் கையிலிருக்கும் இனிப்பை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறவர்கள் உண்டு. நெவெனா எழுதினால் எழுதினதுதான் என்று ஒரு பெயர் எனக்கு. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். பிடிக்காது என்று சொன்னால் பொய்.

ராட்கோவையும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். லாரி டயர் மாற்றுகிறவன், வாசல்படியில் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். அவன் மனைவி வெசெலாவுக்குத் தையல் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை, இவனைவிட நல்ல சம்பளம். அதனால் குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்பினாள், இவன் பிள்ளை பார்க்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தான். "ராட்கோம்மா, இன்னிக்கு என்ன சமையல்?" என்று கடைக்காரர்கள் கூப்பிட்டுச் சீண்டுவார்கள். "பூசணிக்காய் கூழு, உனக்கும் ஒரு வாய் ஊட்டி விடட்டுமா?" என்று திருப்பிக் கேட்பான். அவன் இடுப்பில் இருந்தபடி பதினாறு மாதக் குழந்தை எலிட்சா எல்லோருக்கும் கை ஆட்டும். ஊரிலேயே நன்றாக வளர்கிற பிள்ளை அதுதான் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று எலிட்சா கை ஆட்டவில்லை. அப்பனின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல், முப்பத்தொன்பது டிகிரிக்கு மேல். மூக்கு ஒழுகவில்லை, இருமல் இல்லை, காதைப் பிடித்து அழவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத காய்ச்சல். அதனால்தான் மாடியில் டாக்டர் ஒக்னியான் சிறுநீர் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். சரியான முடிவு. இந்த வயதில் அப்படிக் காய்ச்சல் வந்தால் சிறுநீரகத்தில் கிருமி போயிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பேசத் தெரியாத பிள்ளை, எரிகிறது என்று எப்படிச் சொல்லும்?

ராட்கோ வீட்டிலிருந்தே தெர்மாஸில் சீமைச்சாமந்திக் கஷாயம் கொண்டு வந்திருந்தான். அதில் நனைத்த துணியால் பிள்ளையைத் துடைத்து, உலர்த்தி, அந்தப் பெரிய விரல்களால் பையை ஒட்டினான். எங்கள் நர்ஸுகளுக்குக்கூட அவ்வளவு நேராக ஒட்ட வராது. பிறகு நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பால்குப்பியில் எதையோ கொடுத்துக்கொண்டே இருந்தான். என்ன கொடுத்தான் என்று நான் பார்க்கவில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்தேன். இருபது நிமிடத்தில் பை நிறைந்துவிட்டது.

சிறுநீரில் நனைக்கும் பட்டையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்கு நிறம் மாறும். இயந்திரம் அந்த நிறங்களைப் படித்துத் தாளில் பத்து வரிகளாக அடித்துத் தரும். கிருமி இருந்தால் வரும் நைட்ரைட், இல்லை. ரத்தம் இல்லை. புரதம் இல்லை. வெள்ளணுக்களுக்கு மட்டும் ஒரே ஒரு கூட்டல் குறி. பையில் பிடித்த சிறுநீரில் தோலிலிருந்து அவ்வளவு வருவது சகஜம். நைட்ரைட்டும் ரத்தமும் இல்லையென்றால் அடுத்த படிக்கு, அதாவது நுண்ணோக்கிக்கு, நாங்கள் போவதில்லை. காலையில் எழுபது பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் அதுதான் வழக்கம். கையெழுத்துப் போட்டேன், வட்ட முத்திரை குத்தினேன். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.

பத்து மணிக்கு ராட்கோ மாடியிலிருந்து இறங்கி வந்து சன்னலைத் தட்டினான்.

"எல்லாம் நெகட்டிவ் அக்கா! டாக்டர் வைரஸ் காய்ச்சல்னுட்டாரு. நல்லா நிறைய குடிக்கக் குடுங்கன்னாரு."

"அப்புறம் என்ன, போய்க் குடு."

அவன் வாசல்படியில் இறங்கும்போது சீட்டி அடித்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, கைக்குப் போடும் களிம்பு வாங்க எதிரே இருக்கும் மருந்தகத்துக்குப் போனேன். ராட்கோ வரிசையில் நின்றிருந்தான். தள்ளுவண்டியில் எலிட்சா கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தாள். ஆனால் எதையும் பார்க்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது.

"இன்னும் எறங்கலையா?"

"விடியக்காலைல முப்பத்தொன்பது புள்ளி எட்டு. மருந்து குடுத்தா எறங்குது, ஆறு மணி நேரத்துல மறுபடி ஏறுது. ராத்திரி ரெண்டு தடவை வாந்தி. வைரஸ்னா அஞ்சு நாள் இருக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல. சமாளிச்சுடலாம்." சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். லாரி நம்பர்கள் எழுதும் நோட்டு. ஒரு பக்கம் காய்ச்சல், ஒரு பக்கம் மருந்து கொடுத்த நேரம், ஒரு பக்கம் நனைத்த துணிகளுக்குக் கோடுகள். "தண்ணி வத்தாம பார்த்துக்கறேன். முந்தா நேத்து மட்டும் பதினாலு தடவை நனைச்சிருக்கா."

"பதினாலா? அப்படி என்னத்தைக் குடுக்கறே?"

"ஷிப்காதான்."

மலைச்சரிவு முழுக்க முள்ளும் சிவப்புமாகக் காய்த்துக் கிடக்கும் காட்டுரோஜாப் பழம் அது. முதல் பனி விழுந்ததும் ஊரே போய்ப் பறித்து வந்து உலர்த்தி வைக்கும். பிள்ளைக்குத் தும்மல் வந்தால் ஷிப்கா, காய்ச்சல் வந்தால் ஷிப்கா. நானும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தேன். எல்லா வீட்டிலும் அதைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, சத்தை எல்லாம் ஆவியாக்கிவிட்டு, சிவப்புத் தண்ணீரைக் கொடுப்பார்கள். அதனால் நான் திடுக்கிடவில்லை.

ராட்கோ பெருமையாகச் சொன்னான்: "எல்லாரும் காய்ச்சுறாங்கல்ல, அது தப்பு அக்கா. கொதிச்சா வைட்டமின் செத்துடும். படிச்சுப் பார்த்தேன். நான் பழத்தை ஒடச்சுப் பச்சைத் தண்ணில போட்டு, ராத்திரி முழுக்க ஊற வெச்சு, துணில ரெண்டு தடவை வடிகட்டிக் குடுக்கறேன். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். அதுக்கு மேல வைட்டமின் சி சொட்டு வேற."

"எப்பலேர்ந்து?"

"செவ்வாய்க்கிழமைலேர்ந்து. நேத்து உங்க நடையில உட்கார்ந்துகூடக் குடுத்தேனே."

கையிலிருந்த களிம்பை அப்படியே மேசையில் வைத்தேன். வைட்டமின் சி அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால் பட்டையின் கட்டங்கள் நிறம் மாறாது. கிருமி இருந்தாலும் நைட்ரைட் கட்டம் வெள்ளையாகவே கிடக்கும், ரத்தம் இருந்தாலும் தெரியாது, வெள்ளணுக்கள்கூடக் குறைத்துக் காட்டும். போதாதென்று, கிருமி நைட்ரைட்டை உண்டாக்க சிறுநீர் உள்ளே சில மணி நேரம் தங்க வேண்டும். பதினாலு தடவை போகிற பிள்ளைக்கு எங்கே தங்கும்? இதெல்லாம் நான் படித்தவள்தான். பாடமாக ஒப்பிப்பேன்.

"நீ மருந்து வாங்க வேண்டாம். நேரா மாடிக்குப் போ. டாக்டர் ரூம் வாசல்ல உட்காரு. வரிசைல யாராச்சும் சண்டை போட்டா நெவெனா அனுப்பினான்னு சொல்லு."

"ஏன் அக்கா? நெகட்டிவ்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். அதனாலதான் சொல்றேன், போடா!"

ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். ஐம்பத்து நாலு வயதில் ஓடுவதை ஓட்டம் என்று சொல்லக் கூடாது, ஆனாலும் ஓடினேன். பட்டையில் இருப்பது பத்துக் கட்டங்கள் இல்லை, பதினொன்று. கடைசிக் கட்டம் வைட்டமின் சி எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதற்கென்று ஒரு நோயும் கிடையாது. மற்ற பத்தையும் நம்பலாமா கூடாதா என்று சொல்வதுதான் அதன் வேலை. முதலில் தாளில் அதற்கும் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியால் முடிவு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். இரண்டாம் பக்கம் என்றால் இரண்டாவது கையெழுத்து, இரண்டாவது வட்ட முத்திரை. முத்திரை இல்லாத பக்கத்தை எங்கள் நாட்டில் கழுதைகூடத் தின்னாது. அதோடு மாடியிலிருந்து டாக்டர்கள் போன் போட்டு, இது என்ன வரி, இதற்கு என்ன மருந்து என்று கேட்பார்கள். ஏழு வருடத்துக்கு முன் கணினிக்காரனைக் கூப்பிட்டு அந்த வரியைத் தூக்கச் சொன்னது நான்தான். முடிவுகள் ஒரே பக்கத்தில் அடங்கின. அன்று மாலை எல்லோருக்கும் நானே காபி வாங்கிக் கொடுத்தேன்.

தாளில் இல்லாவிட்டாலும் இயந்திரத்தின் நினைவில் இருக்கும். வியாழக்கிழமை, நாற்பத்தோராம் எண். வைட்டமின் சி: மூன்று கூட்டல் குறிகள். அதற்கு மேல் காட்ட இயந்திரத்துக்கு வழி இல்லை.

அந்தச் சின்னத் திரையின் முன் நான் நின்ற நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, என்னைப் பற்றி இல்லை, அந்த வெளுத்த உதட்டைப் பற்றி. ஆனால் சந்தேகம் மட்டும் துளி இல்லை. நேற்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இன்று எனக்குத் தெரியும்.

மாடியில் வரிசை சன்னல் வரை நின்றது. "ஏம்மா, நாங்க என்ன வேடிக்கை பார்க்கவா வந்திருக்கோம்?" என்றார் ஒரு பெரியவர். "ஆமா, நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

டாக்டர் ஒக்னியானுக்கு முப்பத்தொரு வயது. கவனமான பையன், கொஞ்சம் ரோஷக்காரர். ராட்கோவும் பிள்ளையும் என் பின்னாலேயே வருவதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"நேத்தைய ரிசல்ட் நெகட்டிவ்தானே, நெவெனா மேடம்?"

"இல்ல டாக்டர். நேத்தைய ரிசல்ட்டுக்குச் சரியான பேரு 'தெரியலை'ங்கறதுதான். அதை நான் நெகட்டிவ்னு எழுதிட்டேன்."

ஷிப்காவைச் சொன்னேன், மூன்று கூட்டல் குறியைச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த வரியே இதுல இல்லையே."

"நான்தான் எடுத்தேன்."

"எப்போ?"

"நீங்க காலேஜ்ல படிச்சுட்டு இருந்தப்போ."

"ஏன்?"

"ரெண்டாவது முத்திரை குத்தச் சோம்பல்."

அவர் காது சிவந்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, "காய்ச்சலுக்கு என்ன குடுக்கறீங்கன்னு நானும் கேட்கலை" என்றார். எழுந்து பிள்ளையின் முதுகைத் தொட்டார். விலாவுக்குக் கீழே லேசாக அழுத்தியதும் எலிட்சா வீறிட்டாள்.

"பையில பிடிச்சது இனிமே வேண்டாம். சின்னக் குழாய் விட்டு எடுப்போம். கல்ச்சர் எடுத்துட்டுப் போற வண்டி?"

"பன்னெண்டு மணிக்குக் கெளம்பிடும். விட்டா திங்கட்கிழமைதான்."

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை எங்களிடம் இல்லை, வெளியே அனுப்ப வேண்டும். மணி பதினொன்று இருபது.

நர்ஸ் குழாயைப் பிரித்து வைத்தாள். ராட்கோ பிள்ளையை அக்குளில் பிடித்து மேசைக்கு மேலே தூக்கி நின்றான், கால்கள் தொங்கின. நர்ஸ் முதலில் நன்றாகத் துடைத்து, குளிர்ந்த உப்புநீரில் நனைத்த பஞ்சை அடிவயிற்றில் வைத்தாள். குளிர் பட்டால் சில சமயம் குழாய் இல்லாமலே வந்துவிடும். பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டு அழுதது. அந்த முறுக்கல் எனக்குத் தெரியும். மேசையில் இருந்த கிருமி நீக்கிய குவளையைப் பிடுங்கி, மூடியைத் திருகி எறிந்துவிட்டு, தரையில் மண்டி போட்டேன்.

"வருது!"

முதல் துளிகள் என் சட்டைக் கையில் விழுந்தன. அவை வேண்டாம், அவற்றில் தோலின் அழுக்கு இருக்கும். எண்ணாமலே எண்ணி, நடுத்தாரைக்குக் குவளையை நீட்டினேன். குவளையின் உட்புறம் எதிலும் படாமல், பாதி நிறையும் வரை பிடித்தேன். நர்ஸ் குழாயைக் கையில் வைத்தபடியே சிரித்துவிட்டாள். டாக்டர், "இதுக்குப் பரிசு குடுக்கலாம் மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், கலங்கலாக இருந்தது.

பாதியைக் கல்ச்சர் குப்பியில் ஊற்றி, எண் ஒட்டி, குளிர்ப்பெட்டியோடு வண்டிக்காரன் கையிலேயே கொடுத்தேன். மீதியைச் சுழலியில் வைத்தேன். அது ஐந்து நிமிடம் சுற்றி, கனமானதை எல்லாம் அடியில் படிய வைக்கும். ராட்கோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே உள்ளே வந்திருந்தான். நோயாளிகள் உள்ளே வரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவளும் நான்தான். அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தினேன்.

"அப்ப நான்தான் மறைச்சேனா அக்கா?" என்றான். குரல் உடைந்திருந்தது. "எல்லாரையும் மாதிரிக் காய்ச்சிக் குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ குடுத்தது புள்ளைக்கு ஒரு கெடுதலும் பண்ணலை. தாளைத்தான் ஏமாத்துச்சு. அதைக் காட்டிக் குடுக்க ஒரு கட்டம் இருந்துது. அதை நான் மூடி வெச்சேன். ஒரு நாள் போச்சு, ராட்கோ. அது என்னால போச்சு, உன்னால இல்லை."

அவன் என்னைப் பார்த்தான். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான். எனக்கு அது திட்டு வாங்கியதைவிட வலித்தது.

"ஒரு நாள்ல கிட்னி என்ன ஆகும்?"

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இன்னிக்கே ஊசி ஆரம்பிச்சுடுவாங்க. ஸ்கேன் பண்ணிப் பார்ப்பாங்க."

"பெரும்பாலும்னா?"

"பெரும்பாலும்னா பெரும்பாலும்தான். அதுக்கு மேல சொன்னா நான் நேத்தைய நெவெனா ஆயிடுவேன்."

சுழலி நின்றது. மேலே நின்ற நீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தேன். நுண்ணோக்கிக்கு ஷிப்கா தெரியாது, வைட்டமின் தெரியாது. அங்கே நிறம் மாற வேண்டிய கட்டம் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் வெள்ளணுக்கள், எண்ண முடியாதபடி. நடுநடுவே குச்சி குச்சியாகக் கிருமிகள். இடத்தை நகர்த்தினேன். அங்கேயும் அதுவே. சுவரிலிருந்த போனை எடுத்து மாடிக்குச் சொன்னேன். "நிறைஞ்சு கிடக்கு டாக்டர். குச்சிகளும் இருக்கு. பெட் கேளுங்க." மறுமுனையில் அவர் ஏற்கெனவே இன்னொரு போனில் மாவட்ட ஆஸ்பத்திரியோடு பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

ராட்கோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "பன்னெண்டு மணிக்கு வெசெலாவுக்குச் சாப்பாட்டு வேளை. போன் பண்ணுவா. நேத்து நெகட்டிவ்னு சொல்லி அவளை வேலைக்கு அனுப்பினவன் நான். இப்ப என்ன சொல்றது?"

"என் பேரைச் சொல்லு."

"உங்க பேரு வேண்டாம்." கொஞ்சம் தயங்கினான். "நான் பார்க்கலாமா? நானே பார்த்துட்டு அவகிட்ட சொல்றேன். தாள்ல படிச்சுச் சொல்றது போதும்."

நாற்காலியை விட்டு எழுந்தேன். அவன் உட்காரவில்லை. பிள்ளையை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்தபடி, அந்த உயரம் முழுவதையும் மடக்கிக் குனிந்து, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு மறு கண்ணைக் கண்ணாடியில் வைத்தான். முதலில் அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவன் விரலைப் பிடித்துத் திருகியில் வைத்து மெல்லத் திருப்பினேன். அவன் மூச்சு நின்றதை நான் கேட்டேன்.

"இதுங்களா?"

"இதுங்கதான்."

பிள்ளை தூங்கிப்போயிருந்தது. காய்ச்சலில் சிவந்த ஒரு பாதம் அவன் சட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. அதிர்ந்து நின்று மறுபடி அதிர்ந்தது. அவன் கண்ணை எடுக்கவில்லை. திருகியில் இருந்த கை மட்டும் தடவித் தேடிப் போய் அந்தப் பாதத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டது.

"இதுங்க நகருது அக்கா" என்றான் மெதுவாக.